கெட்ட செய்தியை எப்போது சொல்வது? வெளிநாட்டு நிறுவனங்களோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கு ஓர் அறிமுகம்

வெளிநாட்டு நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சென்னையில் பெரும்பாலும் அரை நாள் வகுப்பு ஒன்று எடுப்பார்கள். ஜப்பானியரிடம் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், கொரியர்களோடு சாப்பிட உட்கார்ந்தால் பெரியவர் முதலில் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும், ஜெர்மானியர் வைக்கும் மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்விட வேண்டும். எல்லாமே சரியான தகவல்தான். ஆனால் கார்டை ஒரு கையால் நீட்டியதற்காக ஆர்டர் கைவிட்டுப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த மாதிரி விஷயங்களை வெளிநாட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள்.

அவர்களால் விட முடியாத இடம் வேறு. ஒரு வேலை தாமதமாகிறது, ஒரு பொருள் சரியாக வரவில்லை, செலவு கூடிவிட்டது. இதை யார் சொல்ல வேண்டும்? யாரிடம்? எந்த நாளில்? எத்தனை வெளிப்படையாக? தொழிலில் பண்பாட்டு வேறுபாடு மிகக் கடுமையாக மோதும் இடம் இந்தக் கெட்ட செய்தி சொல்லும் இடம்தான் என்பது என் கருத்து. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சென்னைக்கு இது சின்ன விஷயமில்லை. ஹூண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ கார் தயாரிக்கத் தொடங்கியது. 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி, இரண்டும் ஒரகடத்தில். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாக்ஸ்கானும் செயின்ட் கோபெயினும் இருக்கின்றன. இப்படிப்பட்ட தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் பட்டறைகள் அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் ஓடுகின்றன. 2000-ல் டைடல் பார்க் என்ற மென்பொருள் வளாகம் திறந்த பிறகு ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) நெடுக அமெரிக்க, ஐரோப்பிய கிளையண்டுகள். டிப்ளமோ முடித்து வரும் ஒரு பையனோ பெண்ணோ வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே ஒரு கொரியருக்கோ ஜெர்மானியருக்கோ பதில் சொல்ல வேண்டி வருகிறது.

சரி, பண்பாடு என்று எதைச் சொல்கிறோம்? தொழிலுக்கு இந்த அளவு போதும்: “இதைக்கூடவா சொல்லித் தெரிய வேண்டும்?” என்று ஒருவர் நினைக்கிற எல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய பண்பாடு. சொல்லத் தேவையில்லை என்று நாம் விட்டுவிடும் விஷயங்களும் அவர் விட்டுவிடும் விஷயங்களும் ஒன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அவை வேறாக இருந்தால், இரண்டு பேரும் தத்தம் கணக்குப்படி நேர்மையாக நடந்துகொண்டே ஒருவரை ஒருவர் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள்.

டூல் ரூமில், அதாவது பட்டறைக்கு வேண்டிய அச்சும் கருவியும் செய்யும் பிரிவில், இருந்தவர்களுக்கு இதை ஒரு டிராயிங்கை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு பாகத்தை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்து மூன்று படம் போடுவார்கள். இந்தியாவிலும் ஜெர்மனியிலும் வழக்கம் ஃபர்ஸ்ட் ஆங்கிள். மேலிருந்து பார்த்த படம் கீழே இருக்கும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தேர்ட் ஆங்கிள். அதே படம் மேலே இருக்கும். ஒன்றை இன்னொன்றாகப் படித்துவிட்டால் பாகம் இடம் வலம் மாறி வந்து நிற்கும். அதற்காக ஜப்பானியர் தப்பாக வரைந்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. எந்த முறை என்று காட்ட டிராயிங்கின் மூலையில் வெட்டிய கூம்பு மாதிரி ஒரு சின்னக் குறி இருக்கும். அனுபவசாலி முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் அளவையே படிப்பார். பண்பாட்டு வேறுபாட்டைச் சமாளிப்பது என்பதும் அதுதான். எந்த முறை உயர்ந்தது என்று வாதாடாமல், எந்த முறையில் பேசிக்கொள்ளப் போகிறோம் என்று முதலிலேயே குறித்துவைப்பது.

டை விரிசல் விட்டது

ஒரு கற்பனை உதாரணம். திருமுடிவாக்கத்தில் பிரஸ் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறை, ஒரு ஜெர்மன் கஸ்டமருக்கு 15-ஆம் தேதி சாம்பிள் அனுப்ப வேண்டும். சூடாக்கிக் கடினமாக்க ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் போன டை (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு) 6-ஆம் தேதி விரிசல் விட்டுத் திரும்புகிறது. டூல் ரூம் ஆள் சூப்பர்வைசரிடம் காட்டுகிறார். “ஞாயித்துக்கிழமையும் வந்தா இன்னொண்ணு போட்டுடலாம் சார்” என்கிறார். சூப்பர்வைசருக்கு நிம்மதி, மேனேஜரிடம் அப்போதைக்குச் சொல்லவில்லை. 10-ஆம் தேதி விஷயம் மேனேஜருக்குத் தெரிகிறது. “கஸ்டமர்கிட்ட இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? ரெடி பண்ணிட்டுச் சொல்லிக்கலாம்” என்று முடிவாகிறது. 11-ஆம் தேதி வாராந்தர கால். எல்லாம் திட்டப்படி போகிறதா என்று ஜெர்மானியர் கேட்கிறார். “யெஸ் சார், டீம் ராத்திரி பகலா வேலை பாக்குறாங்க” என்று பதில். 15-ஆம் தேதி காலையில் ஒரு மெயில்: இரண்டு நாள் அவகாசம் வேண்டும்.

சாம்பிள் 17-ஆம் தேதி போய்விடுகிறது, தரமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த மாதத்திலிருந்து வேலை எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும் ஒரு டிராக்கரைத் தினமும் நிரப்பி அனுப்பச் சொல்கிறார்கள், ஆடிட்டுக்கு ஆள் வருகிறது, அடுத்த ஆர்டரில் பாதி வேறொருவருக்குப் போகிறது. “ரெண்டு நாள் லேட்டுக்கு இவ்வளவா?” என்று பட்டறையில் எல்லோருக்கும் வருத்தம்.

பட்டறைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. டீம் உண்மையிலேயே ராத்திரி பகலாக வேலை செய்தது. தீர்வு கையில் இல்லாமல் பிரச்சினையை மட்டும் கஸ்டமர் தலையில் போடுவது பொறுப்பில்லாத செயல் என்று அவர் வளர்ந்திருக்கிறார். “டீம் ராத்திரி பகலா வேலை பாக்குறாங்க” என்ற பதிலிலேயே ஏதோ சிக்கல் இருக்கிறது என்பதைச் சென்னையில் யாராக இருந்தாலும் புரிந்துகொண்டு, “என்னப்பா, என்ன ஆச்சு?” என்று அடுத்த கேள்வி கேட்டிருப்பார்கள்.

ஜெர்மானியர் கணக்கு வேறு. அவருக்கு இரண்டு நாள் தாமதம் பெரிதல்ல. 6-ஆம் தேதியே தெரிந்திருந்தால் தன் ட்ரையல் தேதியை மாற்றியிருப்பார், தன் மேலாளரிடம் சொல்லிவைத்திருப்பார். அவரிடமிருந்து போனது அந்த ஒன்பது நாள். நேராகக் கேட்ட கேள்விக்கு ‘யெஸ்’ என்று பதில் வந்த பிறகு, இந்தப் பட்டறை சொல்லும் எந்த ‘யெஸ்’ஸையும் அவரால் நம்ப முடியவில்லை. டிராக்கர் கேட்பது தண்டனைக்காக இல்லை. வாய் வார்த்தைக்குப் பதிலாக அவருக்கு வேறு ஏதாவது வேண்டும்.

இதை ஆய்வாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்

எட்வர்ட் டி. ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1976-ல் ஒரு பிரிவைச் சொன்னார். சில சமூகங்களில் செய்தியின் பெரும்பகுதி வார்த்தைக்கு வெளியே இருக்கும்: யார் சொன்னார், எந்தத் தொனியில், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதில். ஜப்பான், கொரியா, இந்தியா இந்தப் பக்கம். வேறு சிலவற்றில் செய்தி முழுவதும் வார்த்தையிலேயே இருக்க வேண்டும். ஜெர்மனி, அமெரிக்கா அந்தப் பக்கம். நம் பட்டறைக்காரர் செய்தியைத் தொனியில் வைத்தார், ஜெர்மானியர் வார்த்தையில் தேடினார்.

இன்னொருவர் நெதர்லாந்தின் கீர்ட் ஹாஃப்ஸ்டீட். ஐ.பி.எம். நிறுவனம் 1967 முதல் 1973 வரை தன் பல நாட்டு ஊழியர்களிடம் நிரப்பி வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டு 1980-லும் அதற்குப் பின்னும் வெளியிட்டார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஒரு சமூகம் எந்த அளவுக்கு இயல்பு என்று ஏற்கிறது என்பது அதில் ஒரு அளவுகோல். இந்தியாவுக்கு 77, தென் கொரியாவுக்கு 60, ஜப்பானுக்கு 54, அமெரிக்காவுக்கு 40, ஜெர்மனிக்கு 35. நம் எண் பெரிது என்றால் என்ன அர்த்தம் என்பதை அந்த டை கதையில் பார்க்கலாம். செய்தி ஒவ்வொரு படியிலும் நின்று நின்று போனது. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவரிடம் கெட்ட செய்தியோடு போய் நிற்பதைத் தள்ளிப்போட்டார்கள்.

நிச்சயமின்மையை ஒரு சமூகம் எவ்வளவு தவிர்க்கப் பார்க்கிறது என்பது இன்னொரு அளவுகோல். ஜப்பான் 92, தென் கொரியா 85, ஜெர்மனி 65, அமெரிக்கா 46, இந்தியா 40. “பாத்துக்கலாம்” என்று நாம் இயல்பாகச் சொல்வதை ஜப்பானியரால் ஏன் தாங்க முடிவதில்லை என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. அந்த “பாத்துக்கலாம்” மனசைக் குறையாகவும் எண்ண வேண்டாம். திட்டம் உடையும்போது பதறாமல் வேறு வழி கண்டுபிடிக்கும் திறமைக்காகவே சென்னை ஆட்களைத் தேடுகிறவர்கள் உண்டு.

இந்த எண்களை ஒரு ஆள் மேல் ஒட்டிவிடக் கூடாது. அவை ஒரே நிறுவனத்து ஊழியர்களிடம் எடுத்தவை, ஐம்பது வருடத்துக்கு முந்தியவை, நாட்டின் சராசரியை மட்டும் காட்டுபவை. டெல்லிக்காரரும் சென்னைக்காரரும் ஒரே மாதிரி கெட்ட செய்தி சொல்வதில்லை. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் இவற்றை வைத்துக்கொண்டால் போதும்.

ஜப்பானையே பாருங்கள். சுற்றி வளைத்துப் பேசுவதில் நம்மைப் போலத்தான். ஒரு கோரிக்கையைக் கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துப் பல்லிடுக்கில் மூச்சை இழுத்தால் அநேகமாக முடியாது என்று பொருள். படிநிலை மரியாதையும் உண்டு. அப்படியானால் அவர்களும் கெட்ட செய்தியை மறைப்பார்கள் என்றுதானே தோன்றும்? தொழிற்சாலைக்குள் நேர் எதிர். ஹோரென்சோ என்று ஒரு பழக்கத்தைப் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலிலேயே கற்றுக்கொடுக்கிறார்கள்: அறிக்கை சொல், தகவல் கொடு, கலந்து பேசு. பாதி தெரிந்த பிரச்சினையைக்கூட உடனே மேலே சொல்ல வேண்டும். தீர்வைக் கண்டுபிடித்துவிட்டு வருகிறேன் என்று போனால் பாராட்டு கிடைக்காது. டொயோட்டாவில் லைனில் நிற்கும் தொழிலாளியே ஆன்டான் கயிற்றை இழுத்துப் பிரச்சினை என்று அறிவிக்கலாம். சீக்கிரம் தீரவில்லை என்றால் லைனே நிற்கும். ஆக, ‘மறைமுகமாகப் பேசுவார்கள்’, ‘படிநிலை பார்ப்பார்கள்’ என்ற இரண்டு தகவலை வைத்து ஒரு சமூகத்தைக் கணித்துவிட முடியாது.

ஆனால் அதே ஜப்பானியரிடம் அந்தக் கெட்ட செய்தியைப் பத்து பேர் உட்கார்ந்திருக்கும் மீட்டிங்கில் திடீரென்று போட்டு உடைக்கக் கூடாது. அங்கே மீட்டிங் என்பது ஏற்கெனவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி ஒத்துக்கொண்டதை அறிவிக்கும் இடம். முன்கூட்டியே இப்படிப் பேசிவைப்பதை நெமாவாஷி என்கிறார்கள். அவர்களிடம் முடிவு வர நாளாகும், வந்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும். நடுவில் அவர்கள் பேசாமல் இருக்கும் அந்த நீண்ட மௌனத்தைப் பார்த்துப் பதறி, நாமாக விலையைக் குறைத்துவிடுவது சென்னையில் அடிக்கடி நடக்கிறது. யோசிக்கிறார்கள், அவ்வளவுதான். காத்திருங்கள்.

கொரிய நிறுவனங்களில் முடிவு மேலிருந்து சட்டென்று வரும், ராத்திரியோடு ராத்திரியாக மாறவும் செய்யும். உங்களோடு நேரடியாக வேலை செய்யும் கொரியரைத் தாண்டி அவருடைய மேலதிகாரியிடம் கெட்ட செய்தி போய்விட்டால் அவர் முகத்தில் அடித்ததாகிவிடும். முதலில் அவருக்குச் சொல்லுங்கள், மேலே அவரே எடுத்துப் போகட்டும்.

அமெரிக்கர்களிடம் சிக்கல் தலைகீழாக வரும். கெட்ட செய்தியை அவர்கள் நமக்குச் சொல்லும்போது நாம் கவனிக்காமல் விடுவோம். வேலை பிரமாதம், டீம் அருமை, ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று முடிப்பார்கள். ஓ.எம்.ஆரில் கால் முடிந்து எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரே ஒரு சின்ன விஷயத்துக்காகத்தான் அவர் போனையே போட்டார்.

எஸ்கலேஷன், சி.சி., சார்

நம் ஊரில் “எஸ்கலேட் பண்ணிட்டாங்க” என்று சொல்லும்போதே குரலில் ஒரு காயம் இருக்கும். என்னைத் தாண்டிப் போய் என் மேல் புகார் சொல்லிவிட்டார்கள் என்று பொருள். மெயிலில் மேனேஜரை சி.சி. போடுவதும் அப்படியே. ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் அது வெறும் நடைமுறை: என் அதிகாரத்துக்குள் இது தீராது, தீர்க்கக்கூடியவரிடம் போகிறேன். தனிப்பட்ட கோபம் அதில் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் மனம் கசந்து வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் புதியவர்களிடம் இதை முதல் வாரமே பேசிவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதே நேரம், சென்னை டீமோடு வேலை செய்யும் வெளிநாட்டுக்காரரும் மேலதிகாரியை சி.சி. போடுவதற்கு முன் ஒரு வரி சொல்லிவிட்டுப் போடுவது நல்லது.

கேள்வி கேட்கும் விதமும் அவர்கள் பக்கம் மாற வேண்டும். எல்லாம் சரியாகப் போகிறதா என்று கேட்டால் ஆம் என்ற பதில்தான் வரும். என்னென்ன மீதி இருக்கிறது, இப்போது எந்த மெஷினில் ஓடுகிறது, 15-ஆம் தேதியைத் தள்ளிப்போடக்கூடிய விஷயம் ஏதாவது உண்டா என்று கேட்டால் விரிசல் விட்ட டை தானாக வெளியே வரும். அதுவும் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஜூனியர் இன்ஜினியரைப் பார்த்துக் கேட்டால் வராது.

எப்போதும் சப்ளையர்தான் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பணம் கொடுப்பவர் பக்கம் பலம் இருப்பதால் நடைமுறையில் அப்படித்தான் ஆகிறது. ஆனால் ஒரு பக்கத்து வழக்கமே எல்லா இடத்திலும் ஜெயித்தால் என்ன ஆகும் என்பதற்கு டைம்லர்-கிரைஸ்லர் ஒரு பாடம். 1998-ல் ஜெர்மன் டைம்லரும் அமெரிக்க கிரைஸ்லரும் சமமானவர்களின் இணைப்பு என்ற அறிவிப்போடு சேர்ந்தன. சம்பளம், முடிவெடுக்கும் முறை, படிநிலை என்று ஒவ்வொன்றிலும் உரசல். கிரைஸ்லரின் மூத்த அதிகாரிகள் பலர் வெளியேறினார்கள். 2007-ல் டைம்லர் கிரைஸ்லரின் பெரும்பகுதியை விற்றுவிட்டது. நஷ்டத்துக்கு வேறு தொழில் காரணங்களும் உண்டு, ஆனால் இரண்டு நிறுவனப் பண்பாடுகளும் ஒட்டவில்லை என்பதைப் பலரும் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அதே டைம்லர் பின்னால் ஒரகடத்துக்கு வந்தபோது, இந்தியச் சந்தைக்கென்றே பாரத்பென்ஸ் என்று தனிப் பெயரில் லாரியைக் கொண்டுவந்தது.

முதல் வாரத்தில் பேசிவைக்க வேண்டியவை

வேலை தொடங்கும்போதே ஒரு மணி நேரம் ஒதுக்கி இரு தரப்பும் பேசிக்கொள்வதைவிடப் பயனுள்ள பயிற்சி எதுவும் இல்லை. எது தாமதம்: ஒரு நாளா, ஒரு வாரமா? தாமதம் வரலாம் என்று சந்தேகம் வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்? தீர்வு இல்லாமல் பிரச்சினையை மட்டும் சொல்லலாமா? போனிலா, மெயிலிலா? வேலை ‘முடிந்தது’ என்றால் மெஷினிலிருந்து இறங்கியதா, இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததா, பேக்கிங் ஆகிவிட்டதா? யார் முடிவெடுக்கலாம், எவ்வளவு தொகை வரை? பேசியதை அன்றே ஒரு பக்கத்தில் எழுதி இரு பக்கமும் அனுப்பிக்கொள்ள வேண்டும். டூல் ரூம் ஆள் வரைக்கும் அது போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் முதலில் விரிசலைப் பார்ப்பவர் அவர்.

எண்ணும் தேதியும் தனியாக ஒரு முறை சரிபார்க்க வேண்டியவை. ஜெர்மன் டிராயிங்கில் 2,5 என்றால் இரண்டரை, அவர்கள் 1.500 என்று எழுதினால் ஆயிரத்து ஐந்நூறு. அமெரிக்கர் 03/04 என்று எழுதினால் மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது. ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம்.

விடுமுறைக் காலண்டரையும் அப்போதே மேசையில் விரித்துவிடுங்கள். ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை பதில் வராது. ஐரோப்பாவில் ஆகஸ்ட் அப்படி. நம் பக்கம் பொங்கல்: ஆட்கள் ஊருக்குப் போனால் ஜனவரி 18 வரைக்கும் ஷிஃப்ட் முழுதாக ஓடாது. ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். பூஜை போட்ட மெஷினை அன்று ஓட்டச் சொன்னால் யாரும் வாய்விட்டு மறுக்கவும் மாட்டார்கள், ஓட்டவும் மாட்டார்கள். இதை முந்தின மாதமே எழுத்தில் சொல்லிவிட்டால் வெளிநாட்டு மேலாளரும் திட்டத்தை மாற்றிக்கொள்வார். பூஜைக்கும் வந்து நிற்பார்.

நடுவில் நின்று இரு பக்கத்தையும் தெரிந்த ஒருவர் இருந்தால் எல்லாம் சுலபம். ஜப்பானிய மென்பொருள் வேலைகளில் இதற்கென்றே பிரிட்ஜ் இன்ஜினியர் என்று ஒரு பதவி இருக்கிறது. சென்னைக்கு இது பழைய தொழில். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மதராஸில் துபாஷ்கள் என்ற இருமொழி இடைத்தரகர்கள் இல்லாமல் ஒரு மூட்டை துணி கைமாறியதில்லை. பச்சையப்ப முதலியாரும் ஒரு துபாஷ்தான். ஆனால் எல்லாச் செய்தியும் ஒருவர் வழியாகவே போவதில் ஆபத்தும் உண்டு. கவர்னர் ஹாலண்டின் துபாஷாக இருந்த அவதானம் பாப்பையா அந்தச் செல்வாக்கை வைத்து ஊரையே ஆட்டிவைத்தார். 1792-ல் சதி வழக்கில் தண்டிக்கப்பட்டார். இன்றைய நிறுவனங்களில் ஆபத்து இவ்வளவு பெரிதில்லை. அந்த ஒருவர் ராஜினாமா செய்தால் மூன்று மாதம் கஸ்டமர் என்ன நினைக்கிறார் என்றே யாருக்கும் தெரியாது என்பதுதான் அது. டீமில் இரண்டு மூன்று பேரையாவது அந்த வேலைக்குத் தயார் செய்யுங்கள்.

அதற்கு மொழி கொஞ்சமாவது தெரிந்திருப்பது பெரிய பலம். ஜெர்மனுக்கு நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவன், பிரெஞ்சுக்கு அதே பகுதியில் அலியான்ஸ் பிரான்சேஸ், ஜப்பானிய மொழிக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய், கொரிய மொழிக்கு இன்கோ சென்டர். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். ஆரம்ப நிலை வகுப்பு முடித்தாலே மீட்டிங்கில் எதிர்த் தரப்பு தங்களுக்குள் பேசிக்கொள்வதில் தேதியும் எண்ணும் காதில் விழத் தொடங்கும்.